இருபத்திரண்டு அடி தள்ளி ஒரு கணவர்

கோபிசெட்டிபாளையத்தில் ஒருவரை ஆசைப்பட்டு கேமராவில் படம் எடுத்தால், படத்தில் அவர் எவ்வளவு தூரத்தில் தெரிகிறாரோ, எடுத்தவரிடமிருந்து அன்று முதல் அவ்வளவு தூரத்தில்தான் இருப்பார். கூலிக்கு எடுத்தால் ஒன்றும் ஆகாது. செல்போனில் எடுத்தாலும் ஆகாது. அதனால் அங்கே ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் சொந்த வீட்டு விசேஷம் என்றால் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

மைனாவதிக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் மகள் அனுப்பிய புது கேமராவைக் கண்ணில் வைத்தபோது, எதிரே தென்னை மரத்தடியில் கணவர் வெள்ளிங்கிரி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தார். மரத்தின் உச்சியும் படத்தில் வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் எல்லாவற்றையும் அடக்கி எடுத்தாள். மரம் முழுதாக வந்தது. வெள்ளிங்கிரி கட்டைவிரல் அளவுக்கு வந்தார். அளந்து பார்த்தபோது இருபத்திரண்டு அடி இருந்தது.

அன்றிலிருந்து அவள் ஓர் அடி முன்னால் வைத்தால் அவர் ஓர் அடி பின்னால் போனார். அவள் சமையலறையில் இருந்தால் அவர் கிணற்றடியில் இருந்தார். தட்டில் இட்லி வைத்து முற்றத்தில் வைத்துவிட்டு அவள் உள்ளே நடப்பாள். அதே வேகத்தில் அவர் தட்டுக்கு வந்து சேர்வார். அவள் பட்டுக்கூடு அங்காடியில் எடை போடும் வேலைக்குப் போகும்போது அவரும் பின்னாலேயே போய் வாசலில் உட்கார்ந்திருந்தார். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் அவருக்கு நேரம் இருந்தது. காவலாளி ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்.

இப்படியே நான்கு மாதம் ஓடியது. பிறகு வெள்ளிங்கிரியின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று ஈரோட்டு டாக்டர் தேதி கொடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம், தினம் நான்கு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். விடாவிட்டால் கண் நிலைக்காது என்றார்.

வெள்ளிங்கிரியின் கண் வேறு யார் கைக்கும் திறக்காது. அம்மா கைக்கே திறந்ததில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மைனாவதிதான் இமையை விரித்து, சேலைத் தலைப்பால் தூசு எடுப்பாள். முப்பத்தொரு வருஷமாக அந்த இமைகள் அவள் விரலுக்கு மட்டும் பழகியிருந்தன.

ஒரு லென்ஸ் ஓர் ஆளிடம் ஒரு தடவைதான் வேலை செய்யும். ஆகவே வேறு லென்ஸ் வாங்க மைனாவதி புதன்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் அற்புதராஜின் கடைக்குப் போனாள். வெள்ளிங்கிரி சாலைக்கு அந்தப் பக்கம், கரும்பு ஜூஸ் வண்டி ஓரமாக நின்றுகொண்டார்.

"எடுத்துட்டுப் போயி ஒரே ஒரு படம் எடுத்துட்டுக் கொண்டாந்து குடுத்தர்றனே?" என்றாள்.

"இரவல் ஆகாதுங்க்கா. லென்ஸ் யாருதோ அவங்ககிட்டத்தான் ஆள் கிட்ட வரும்" என்றார் அற்புதராஜ். அவர் தோளை ஒட்டி, கதர்ச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். "இவரு அந்தியூர்க்காரருங்க. இவரோட மாப்பிள்ளை எங்கிட்ட லென்ஸ் இரவல் வாங்கி இவரை எடுத்தாரு. ரெண்டு வருசம் ஆச்சு."

பெரியவர் வணக்கம் சொன்னார். பிறகு அற்புதராஜ் கேட்பதற்கு முன்பே கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தார்.

அற்புதராஜ் முதலாவதைக் கையில் எடுத்தார். சின்னதாக, லட்டு அளவில் இருந்தது. "கேமரா பழகறவங்க எல்லாரும் மொதல்ல வாங்கறது இதுதானுங்க. ஐம்பது எம்எம். புதுசு, விலையும் கையக் கடிக்காது. மொகம் பளிச்சுனு வரும், பின்னாடி இருக்கறதெல்லாம் கலங்கிப் போயிரும்."

"எவ்வளவு கிட்ட வருவாருங்க?"

அவர் பில் புத்தகத்தின் பின் அட்டையில் கணக்குப் போட்டார். "எட்டடி."

"எட்டடி கைக்கு எட்டாதுங்களே."

"போதும் மைனா!" என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளிங்கிரி குரல் கொடுத்தார். நடுவில் ஒரு லாரி போய் முடிந்ததும், "சொட்டு மருந்த குச்சில கட்டிக்கலாம்!" என்றார்.

மைனாவதி அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டாவது லென்ஸ் நீளமாக இருந்தது. பழையது, மூன்றிலும் மலிவு. "இதுல ஒண்ணேகால் அடிக்குக் கொண்டாந்தரலாம். ஆனா கை நடுக்கத்தைத் தாங்கற வசதி இதுல இல்லீங்க. எடுக்கறப்ப உங்க கை ஆடுச்சுன்னா, கிட்ட வந்த பொறகும் அவரு ஆடிக்கிட்டேதான் இருப்பாரு."

மூன்றாவதும் நீளம்தான். யாரோ விற்றுவிட்டுப் போனது. முன் கண்ணாடியின் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு கீறல். "இது நடுக்கத்தைத் தாங்கும். இருநூத்தி ஐம்பது எம்எம் வரைக்கும் போகும். ஒண்ணரை அடிக்கு வந்துருவாரு. கீறல் படத்துல விழாது. புதுசு விலையில பாதிதான்."

மைனாவதி அதைக் கேமராவில் மாட்டித் திருப்பினாள். க்ளிக் என்று உட்கார்ந்தது. முன்னும் பின்னும் சுழற்றிப் பார்த்தாள், எங்கேயும் பிடிக்கவில்லை.

"இதே குடுங்க. பில்லு எம்பேர்லயே போடுங்க."

"ஒண்ணு மட்டும் கவனம் வெச்சுக்குங்க்கா" என்றார் அற்புதராஜ். "நீள லென்ஸு ஆளை மட்டும் இழுக்காது. பின்னாடி என்ன இருக்குதோ, அதையும் சேத்து இழுத்துக்கிட்டு வரும். யோசிச்சு நிறுத்துங்க."

வீட்டுக்கு வந்து நான்கு திசையையும் பார்த்தார்கள். கிழக்கே டிரான்ஸ்பார்மர். தெற்கே பேக்கரி, சீரியல் பல்பும் பாட்டும் ஓயாது. வடக்கே அடுத்த வீட்டுத் தெய்வாத்தாளின் மாட்டுக் கொட்டகை. மேற்கே மஞ்சள் காட்டைத் தாண்டி, தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது.

"மலையே இருக்கட்டும். சத்தம் போடாது" என்றார் வெள்ளிங்கிரி.

வியாழக்கிழமை காலை வெயில் இதமாக இருந்தபோது அவரை மேற்கே நிறுத்தினாள். கேமராவைக் கண்ணில் வைத்தாள். அவருடைய முகம் கட்டம் முழுக்க வந்து நின்றது. மீசையில் நரைக்காமல் மிச்சமிருந்த ஏழெட்டு கறுப்பு முடிகளை எண்ண முடிந்தது.

"கொஞ்சம் பொறு மைனா" என்றார்.

"என்னங்க?"

"இத்தன வருசம் பக்கத்துல இருந்து உன்னத் துண்டு துண்டாத்தான் பாத்திருக்கேன். கையி, காது, கம்மல், இப்படி. தள்ளி நின்ன பொறகுதான் முழுசாப் பாத்தேன். நீ நடக்கறப்ப எடது கைய மட்டுந்தான் வீசற. அது எனக்குத் தெரியவே தெரியாது."

மைனாவதி கேமராவைக் கீழே இறக்கினாள். சின்ன லென்ஸ் இனி அவரிடம் வேலை செய்யாது. கிட்டே வந்துவிட்டால் வந்ததுதான்.

"அப்ப மாத்திக்கிட்டு அந்த எட்டடியே வாங்கிக்கட்டுங்களா?"

அவர் யோசித்தார். தென்னையிலிருந்து ஒரு மட்டை விழுந்தது. அது விழுந்து அடங்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க, கேட்டு வரைக்கும் ஒருக்கா நடந்துட்டு வா."

அவள் நடந்தாள். அவரும் கூடவே இருபத்திரண்டு அடி தள்ளி நடந்தார். கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். இடது கையை வீசுகிறோம் என்று தெரிந்துவிட்டதால் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நன்றாக வீசினாள்.

"சேரி" என்றார். "எடு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். கண்ணிலிருந்து கேமராவை இறக்குவதற்குள் வெள்ளிங்கிரி ஒன்றரை அடியில் இருந்தார். அவர்மேல் விபூதியும் சவரச் சோப்பும் மணத்தன. மைனாவதி அவருடைய சட்டைக் காலரை மடித்துவிட்டாள்.

மலையும் வந்திருந்தது. மஞ்சள் காட்டு வரப்பை ஒட்டி, ஒரு செடியும் நசுங்காமல் நின்றது. ஈரக்காற்றும் ஒரு குயிலும் அதோடு வந்தன.

வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஈரோட்டுக்குப் போனார்கள். மலை சாலையின் இடது பக்கமாகவே வந்தது. கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்று நர்ஸ் சொன்னதால் மலை வெளியே நின்றது. அதன் நிழலில் ஆட்டோக்களை வரிசையாக நிறுத்திக்கொண்டார்கள். ஆபரேஷன் அறைக்குள் மைனாவதிக்கும் பச்சை அங்கி கொடுத்து, ஒன்றரை அடியில் ஸ்டூல் போட்டார்கள். அவள் வலது இமையைப் பிடித்துக்கொண்டாள். கண் திறந்தே இருந்தது. டாக்டர் பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது வெள்ளிங்கிரி முதலில் அவள் கம்மலைப் பார்த்தார். "பச்சக்கல்லா இது? கறுப்புன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வீட்டில் பொழுது சாய்ந்துவிட்டது. மலை மேற்கே நிற்பதால் சூரியன் அதற்குப் பின்னால் சீக்கிரமே போய்விட்டது; ஆறு மணிவரை அடிக்க வேண்டிய வெயில் செலவாகாமல் நின்றுவிட்டது. மைனாவதி விளக்கைப் போட்டு, கட்டிலில் சாய்ந்திருந்த கணவரின் இமையை விரித்தாள். அப்போது வாசலில் தெய்வாத்தாள் குண்டாவோடு வந்து நின்றாள்.

"ஏம் மைனா, உங்க ஊட்டுல தெனமும் மூணு மணி நேர வெயிலு மிச்சமாயிருதாமே. எம்பட மொளகா இன்னும் காயல. கொஞ்சம் குடேன்."

"அண்டாவுல மூடி வெச்சிருக்கேனுங்க்கா, வேணுங்கற அளவு மோந்துக்குங்க" என்றாள் மைனாவதி, கையை ஆட்டாமல்.

மருந்து ஒரு சொட்டு நேராகக் கண்ணில் விழுந்தது. வெள்ளிங்கிரி இமைக்கவில்லை.

"அடியில கெடக்கறது சித்திர மாசத்து வெயிலாட்டம் சுடும்" என்றார். "துணியப் புடிச்சு எடுக்கச் சொல்லு."