ரோட்டர்டாமில் நான்காவதாகப் பார்க்க வேண்டியவர்

தனிஸ்லாஸ் பர்னாந்துவை ரோட்டர்டாம் நகரின் அபூர்வக் காட்சிகளில் நான்காவதாகச் சேர்த்திருப்பதாக அவர் மனைவி சலேத்துக்குக் கடிதம் வந்தது. பதினொரு வருடத்துக்கு முன்பு கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலராகப் போனவர் அந்தத் துறைமுகத்தில் இறங்கினார். கப்பல் கிளம்பியபோது அவர் ஏறவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி வந்த முதல் தகவல் இதுதான். கடிதம் மரியாதையாக எழுதப்பட்டிருந்தது. பார்வையாளர்களிடம் அவருக்கு நல்ல வரவேற்பு இருப்பதாகச் சொன்னது. குடும்பத்தாருக்கு ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து தெரிவிக்கலாம் என்றும் சொன்னது.

சலேத் அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கவில்லை. ஐஸ் கம்பெனிக்குப் போய் பதினைந்து நாள் லீவு சொன்னாள்.

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளுக்கு அவள் ஒரு மெழுகுவர்த்தி வாங்குவாள். கல்லறைத் தோட்டத்து வாசல் வரை போவாள். ஆள் உயிரோடிருந்தால் ஏற்றுவது பாவம். செத்திருந்தால் ஏற்றாமல் இருப்பது பாவம். ஏற்றாமலே திரும்பிவிடுவாள். இப்போது விஷயம் தெரிந்துவிட்டது. ஆள் இருக்கிறார். இருந்துகொண்டேதான் வராமல் இருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் விமானம் ஏறினாள். விமானம் வழியில் இரண்டு இடங்களில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டது. கடைசி ஒன்றரை மணி நேரம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தாள்.

அபூர்வக் காட்சிகள் அலுவலகம் துறைமுகத்தை ஒட்டிய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தது. அதற்குப் படி இறங்கிப் போக வேண்டும். ஊரின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் சலேத் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கோ அக்கா, இருங்கோ," என்றார். "எந்த இடம்?"

"தூத்துக்குடி."

"நான் யாழ்ப்பாணம். தவராசா." அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "உயிரோடை இருக்கிறியளோ?"

"இருக்கேன்."

"அதுக்கு அத்தாட்சி ஏதும்?"

சலேத் யோசித்தாள். "கோவமா இருக்கேன்."

தவராசா அதை எழுதிக்கொண்டார். "அது காணும், வேறை வேண்டாம்."

"என் வீட்டுக்காரரப் பாக்கணும். நாலாவது நம்பர். ஆட்சேபம் சொல்ல வந்திருக்கேன்."

"பாத்திட்டுத்தான் ஆட்சேபம் சொல்லலாம். ஒண்டிலயிருந்து தொடங்கவேணும். முதல் மூண்டையும் பாக்காதவைக்கு நாலாவது கண்ணுக்குத் தெரியாது. கனபேர் அவசரப்பட்டு நேரை போய், வெறும் சுவரைப் பாத்திட்டுத் திரும்பி வந்திருக்கினம்."

படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. சலேத் பேனாவை அதன் மேல் வைத்தபோது தவராசா கையை நீட்டித் தடுத்தார்.

"மனுசி எண்டு எழுதினால் உங்களையும் அதோடை சேர்த்துக் காட்சிக்கு வைக்கவேண்டி வரும். பார்வையாளர் எண்டு எழுதுங்கோ. ஆனா பார்வையாளர் நாலாவதிலை வாய் திறக்கக் கூடாது."

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்பு பனிமய மாதா கோயிலில் ஊரறியக் கட்டிய தாலி அவள் கழுத்தில் கிடந்தது. சலேத் அதைச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள். பார்வையாளர் என்று எழுதினாள். எழுத்து அவளுடையது மாதிரி இல்லை.

முதலாவது காட்சி ஒரு கதவு. அதே கட்டடத்தின் அடியில் இருந்தது. கதவுக்குப் பின்னால் கடல் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை கடல் கதவைத் தட்டியது. மூர்க்கமாக இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவது போல. காவலுக்கு ஒரு நெட்டையான டச்சுக்காரக் கிழவர் நின்றார். ஒவ்வொரு தடவையும் அவர் கதவருகே குனிந்து, "இன்னும் இல்லை," என்றார். அவர் தகப்பனார் அதையே சொல்லியிருந்தார். தகப்பனாரின் தகப்பனாரும் அதையே சொல்லியிருந்தார். அவர் பேசியது டச்சு. சலேத்துக்கு அது புரிந்தது.

பார்வையாளர்கள் ஆளுக்கு ஒருமுறை பதில் சொல்லலாம். சலேத்தின் முறை வந்தது. கடல் தட்டியது.

"கொஞ்சம் பொறு," என்றாள் சலேத்.

மறுபக்கம் அமைதியாகிவிட்டது. கிழவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு நிமிடம் கடல் தட்டவே இல்லை.

"அதற்கு உங்களைத் தெரிந்திருக்கிறது," என்றார் கிழவர். குரலில் சின்ன வருத்தம் இருந்தது.

இரண்டாவது, தன் மூலை ஒன்றின் மேல் நிற்கும் வீடு. மொத்த வீடும் ஒரு கூர்முனையை ஊன்றிச் சாய்ந்து நின்றது. உள்ளே குடியிருந்தவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். பார்க்கப் போனவர்கள்தான் சாய்ந்தார்கள். வீட்டுக்காரி சலேத்துக்குக் காபி கொடுத்தாள். காபியும் சாய்ந்தே இறங்கியது. வெளியே வந்த பிறகும் சலேத்தின் உடம்பு நேராகவில்லை. சேலைக் கொசுவம் இடப்பக்கமாகத் தொங்கியது.

"சரியாயிருமா?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னும் சரிவரேல்லை," என்றார் தவராசா. அவரும் சாய்ந்துதான் நடந்தார். சலேத் அதை அப்போதுதான் கவனித்தாள். "வந்து இருபத்தாறு வருசம்."

மூன்றாவது காட்சிக்கு ஒரு நடைபாதை வழியாகப் போக வேண்டும். நடக்க நடக்க அது நீண்டது. பாதி வழியில் தவராசா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் நீளாதிருக்கட்டும் என்று சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு நடந்தார்கள். முடிவில் ஒரு தெரு இருந்தது.

போர்க்காலத்தில் ஒரே பிற்பகலில் எரிந்துபோன தெரு அது. தினமும் மத்தியானம் நாற்பது நிமிடம் மட்டும் திரும்பி வரும். கடைகள் திறந்திருந்தன. ரொட்டி வாசனை வந்தது. ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். பார்வையாளர்கள் பேசலாம், பொருள் கேட்கலாம், ஆனால் மறுநாளைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

கையுறை தைக்கும் கடை ஒன்றிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். வாயில் குண்டூசி வைத்திருந்தாள். சலேத்தின் கைகளைப் பார்த்தாள்.

"ஐஸில் வேலை செய்கிறீர்கள்," என்றாள்.

"ஆமா. பதினெட்டு வருசமா."

"இந்தக் கைக்கு உள்ளே கம்பளி வைத்துத் தைக்க வேண்டும்." அவள் சலேத்தை உள்ளே கூட்டிப்போய் விரல் விரலாக அளந்தாள். மோதிர விரலை இரண்டு முறை அளந்தாள். அளவுகளை ஒரு சீட்டில் எழுதி ஊசியால் சுவரில் குத்தினாள். அந்தச் சுவரில் அப்படி ஏராளமான சீட்டுகள் இருந்தன.

"நாளைக்கு வாருங்கள். தயாராக இருக்கும்."

சலேத் வாசலில் நின்ற தவராசாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு வருவீர்கள்தானே?"

"வாரேன்," என்றாள் சலேத்.

அந்தப் பெண் சிரித்தாள். நாற்பது நிமிடம் முடிந்தது. சலேத் வெறும் காரை போட்ட தரையில் நின்றாள். சைக்கிள்கள் வரிசையாக நிறுத்தியிருந்தன.

அவள் வெகு நேரம் நகரவில்லை. தவராசா கோட்டுப் பையில் கைகளை விட்டபடி பக்கத்தில் நின்றார்.

"சொன்னா என்ன ஆவும் தம்பி?"

"தெரியாது அக்கா. ஒருத்தரும் சொன்னதில்லை."

"நீங்க?"

"நான் உத்தியோகத்தன்."

சலேத்துக்கு வாய்க்குள் ஏதோ கசந்தது. ஒருமுறை துப்பினாள். பிறகு நடந்தாள்.

நான்காவது காட்சி, தண்ணீரைப் பார்த்த ஒரு பழைய பயணிகள் கூடம். கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் முப்பது பேர் போல நின்றார்கள். யாரும் இருமக்கூட இல்லை. முன்வரிசையில் ஒரு வயதான கணவனும் மனைவியும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறவர்கள் என்று தவராசா காதருகே சொன்னார். கயிற்றில் ஒரு பலகை தொங்கியது. 'வீட்டுக்குப் புறப்படும் மனிதர்' என்று எழுதியிருந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் தனிஸ்லாஸ் உட்கார்ந்திருந்தார். முடி நரைத்திருந்தது. போகும்போது போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையே போட்டிருந்தார். காலடியில் பை இருந்தது. அவர் ஷூ லேஸைக் கட்டினார். எழுந்தார். பையைத் தூக்கினார். ஐந்தடி தூரத்தில் ஒரு கதவு திறந்து கிடந்தது. அதை நோக்கி இரண்டு அடி வைத்தார்.

கூட்டம் மூச்சைப் பிடித்தது.

அவர் நின்றார். சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பைகளைத் தடவினார். பையைக் கீழே வைத்துத் திறந்து கிளறினார். பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, லேஸை அவிழ்த்துவிட்டு, யோசிக்க ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது நிமிடம் கழித்து அவர் மறுபடி லேஸைக் கட்டினார்.

சலேத் இதை மூன்று முறை பார்த்தாள். பேச வேண்டியதைப் பதினொரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் அழக்கூடாது என்று எல்லாம் வரிசையாக இருந்தது. மூன்றாவது முறை அவர் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தபோது, அதில் ஒரு வார்த்தையும் அவளிடம் இல்லை. மனிதர் வராமல் இருக்கவில்லை. பதினொரு வருடமாகப் புறப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

அவர் எதைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அங்கே நின்ற முப்பது பேருக்கும் தெரியும். அது எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற இடத்தில்தான் இருந்தது.

நான்காவது முறை அவர் எழுந்து, இரண்டு அடி வைத்து, சட்டைப் பையைத் தடவினார்.

"கண்ணாடி நெத்தியிலதான் இருக்கு," என்றாள் சலேத்.

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தவராசா கண்ணை மூடிக்கொண்டார்.

தனிஸ்லாஸ் மட்டும் திரும்பவில்லை. வீட்டிலும் அவர் திரும்பியதில்லை. காலையில் வாசலில் நின்று பைகளைத் தடவுவார். அவள் அடுப்படியிலிருந்து சொல்வாள். அவர் "ஆங்" என்பார். போய்விடுவார்.

"ஆங்," என்றார் தனிஸ்லாஸ். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக் கண்ணில் மாட்டினார். கதவைப் பார்த்தார். போனார்.

கதவுக்கு வெளியே தூத்துக்குடி என்று போர்டு வைத்த பஸ் ஒன்று இன்ஜினை நிறுத்தாமல் நின்றது. தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிற பஸ்தான் என்று தவராசா பிறகு சொன்னார். தனிஸ்லாஸ் முன்படியில் ஏறினார். சன்னலோரம் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கணவனும் மனைவியும் எழுந்து நாற்காலிகளை மடக்கினார்கள். கிழவி சலேத்தின் அருகே வந்து அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். மற்றவர்கள் காலியான பெஞ்சை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சலேத் கயிற்றைத் தூக்கிக் கடந்து கதவுக்குப் போனாள். அங்கே சுவர் இருந்தது. கையால் தடவிப் பார்த்தாள். நல்ல சுவர்.

"அந்த வழி காட்சியளுக்கு மட்டும்தான்," என்றார் தவராசா. "பார்வையாளர் மிச்சத்தைப் பாத்து முடிச்சுத்தான் வெளியாலை போகலாம்."

"எத்தன மிச்சம் இருக்கு?"

"பத்தொன்பது."

"எவ்வளவு நாளாவும்?"

"அது ஆளைப் பொறுத்தது." அவர் பட்டியலை எடுத்து நான்காவது பெயரை அடித்தார். நேராக அடிக்க முயன்றார். கோடு சாய்ந்தது. "ஆட்சேபம் இப்ப இருக்கோ?"

"இல்ல."

தவராசா பட்டியலை மடித்து வைத்தார். பிறகு சுவரோரம் இருந்த டெலிபோனைக் காட்டினார். "பஸ் இதுக்குள்ளை போய்ச் சேர்ந்திருக்கும். வேணுமெண்டா எடுத்துக் கதையுங்கோ."

சலேத் தன் வீட்டு நம்பரைச் சுழற்றினாள். இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ," என்றார் தனிஸ்லாஸ்.

"ஹலோ."

"சலேத் வீட்ல இல்லையே. கதவு பூட்டிக் கெடந்துச்சு. எதுத்த வீட்ல சாவி வாங்கித் தொறந்தேன். ஊர் பாக்கப் போயிருக்கான்னு சொல்லுதாங்க."

சலேத் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க எப்ப வந்தீங்க?"

"இப்பதான். கொஞ்சம் லேட்டாயிட்டு."

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"சாப்ட்டீங்களா?"

"இல்ல. அரிசி எங்க வச்சிருக்கான்னு தெரியல."

"அடுப்படிக் கதவுக்குப் பின்னால, நீல டிரம்மு. டம்ளர் உள்ளயே கெடக்கும். ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர். அதுக்கு ரெண்டரை தண்ணி."

"சரி," என்றார். பிறகு யோசித்தார். "ஒரு ஆளுக்கு வைக்கவா, ரெண்டு ஆளுக்கு வைக்கவா?"

கூடத்தின் மறுமுனையில் வரிசை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். "அக்கா, ஐஞ்சாவது," என்று தவராசா மெதுவாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு ஆளுக்கே வைங்க," என்றாள் சலேத்.

தனிஸ்லாஸ் ரிசீவரைத் தொங்கவிட்டுப் போனார். டிரம்மின் மூடி திறந்தது. பானையில் ஒரு டம்ளர் அரிசி விழுந்தது. சற்று நேரம் கழித்து இன்னொரு டம்ளர் விழுந்தது. தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.

வரிசை நகர்ந்தது. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் சலேத்தும் நகர்ந்தாள். வயர் கூடவே வந்தது.