சுவர் நிறத்தில் ஒரு கதவு

1

இது என் மண்டையில் உதித்த கதை அல்ல. மேல்வீட்டுக்காரி, பாதியில் நின்றுபோன லிஃப்டில் என்னோடு மாட்டிக்கொண்டபோது சொன்னது. எழுந்து போக வழியில்லாததால் முழுவதும் கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மறதி ஒரு மூடுபனி, அதற்குள்ளே…’ (உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

2

மருத்துவமனைகளுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். மறதி நோய் முற்றியவர்களுக்கு ஒரு வார்டு, வீடு மாதிரி இருக்க வேண்டும் என்றார்கள். அவள் மும்முரமாக இறங்கினாள். தரை பளபளக்கக் கூடாது; தண்ணீர் தேங்கியிருப்பதாக நினைத்துக் கால் வைக்கத் தயங்குவார்கள். கறுப்பு மிதியடி கூடாது; பள்ளம் என்று பயப்படுவார்கள். கழிப்பறைக் கதவுக்கு அடர் மஞ்சள், தூரத்திலிருந்தே தெரியட்டும். வெளியே போகும் கதவுக்கு மட்டும் சுவரின் அதே நிறம். அது கண்ணிலேயே படக் கூடாது.

காரணம் இருந்தது. அவள் மாமியார் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். ஒரு நாள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, நெடுஞ்சாலை நடுவில் நின்று லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். டூட்டிக்கு நேரமாகிவிட்டதாம்.

3

வார்டு திறந்ததும் மாமியாரையும் சேர்த்தார்கள்.

“அம்மாவ அங்க விட்டுட்டு உன்னால தூங்க முடியுமா?” என்றான் கணவன்.

“இங்க வச்சுக்கிட்டு மட்டும் தூங்குறோமா?”

(மாமியாருக்கும் அவளுக்கும் கல்யாணத்தன்றிலிருந்தே ஏழாம் பொருத்தம். அதற்கென்று தனி அத்தியாயமே எழுதினேன். சுவையாக வந்துவிட்டது. அதனாலேயே சந்தேகப்பட்டு நீக்கினேன்.)

4

அவள் பார்க்கப் போனபோது மாமியார் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். மறைந்திருந்த கதவின் மேல்தான்.

“என்ன பாக்குறீங்க அத்தை?”

“டூட்டி நேரத்துல அத்தை என்ன அத்தை? சிஸ்டர்னு கூப்பிடு.”

“என்ன பாக்குறீங்க சிஸ்டர்?”

“இங்க கதவு இருக்கு. கீழ காத்து வருது, காலு சில்லுங்குது. எவளோ மறைச்சு வச்சிருக்கா.”

“எதுக்கு மறைக்கணும்?”

“நம்மள எல்லாம் முட்டாள்னு நினைச்சிருப்பா.”

அந்த இடுக்கில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டினால் காற்று நின்றுவிடும். ஆளை வரச்சொல்ல அவள் போனை எடுத்தாள். மாமியாரின் கை சுவரை விட்டு நகரவில்லை. போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

(இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து அவளே அடித்துவிட்டாள். “எரிச்சல்தான் வந்துச்சு” என்றாள்.)

5

மருத்துவமனை நிர்வாகியிடம் மல்லுக்கு நின்றாள்.

“ஒரு கதவ மறைச்சாச்சு. திறக்கிற கதவு ஒண்ணாவது வேணும் சார்.”

“எங்க போறதுக்கு?”

“வெளிய போய்ட்டு வர்றதுக்கு.”

இழுபறிக்குப் பிறகு பின்சுவரை இடித்து, மதில் சூழ்ந்த தோட்டத்துக்கு வழி விட்டார்கள். சிவப்புக் கதவு. பெரிய கைப்பிடி, பூட்டு கிடையாது. தோட்டத்துப் பாதை எப்படிச் சுற்றினாலும் அதே கதவில்தான் கொண்டுவந்து விடும்.

மாமியார் கைப்பையோடு வந்தார், தானே திறந்தார், வெளியே நடந்தார். அவள் சற்றுத் தள்ளிப் பின்னால் போனாள். பாதை வளைகிற இடத்தில் மாமியார் திரும்பிப் பார்த்தார்.

“நீ புதுசா?”

“ஆமா சிஸ்டர்.”

“இன்னும் கிளம்பலயா? பொழுது சாயுது பாரு. வீட்டுக்குப் போ. உன் மாமியார் தேடிட்டு இருப்பா.”

6

இதற்கு என்ன பதில் சொன்னாள் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. நானாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறாள், மாமியார் மிரண்டுபோகிறார். இன்னொன்றில் “சரிங்க சிஸ்டர்” என்று கிளம்புகிறாள். மாமியார் தோட்டத்தில் தனியாக நிற்கிறார். மூன்றாவதில், “அவங்க என்னைத் தேட மாட்டாங்க சிஸ்டர்” என்கிறாள். மாமியார் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்து,

(இதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. எனக்கு மாமியார் கிடையாது. உங்களுக்கு இருந்தால், அல்லது நீங்களே யாருக்காவது மாமியாராக இருந்தால், அவர் என்ன சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.)