கெண்டைக்காலுக்கு ஒரு கண்ணாடி

இருபத்தைந்து வருடம் நின்றே முடி வெட்டியதில் சலூன்காரரின் கெண்டைக்காலில் நரம்பெல்லாம் மண்புழு மாதிரி சுருண்டு புடைத்திருந்தது. கத்தியே வேண்டாம், ஊசியிலேயே அடக்கிவிடலாம் என்று சொன்ன டாக்டர், மாதாமாதம் அவரிடம் தலையைக் கொடுப்பவர்தான். குப்புறப் படுத்திருந்த சலூன்காரருக்கு முதல் ஊசி பட்டதுமே கால் துள்ளியது.

"ஆடாதீங்க" என்றார் டாக்டர். "என்கிட்ட எத்தனை தடவ சொல்லியிருப்பீங்க!"

நாலே ஊசி. மருந்து ஏற்றி முடித்ததும் இறுக்கமான நீளக் காலுறை ஒன்றை எடுத்தார் டாக்டர். "அவ்ளோதான். இத மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் நடங்க."

"இருங்க டாக்டர்!" சலூன்காரருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "பின்னாடி கண்ணாடி பிடிச்சுக் காட்டாம உங்கள என்னைக்காவது அனுப்பியிருக்கேனா? எடுங்க கண்ணாடிய!"