இயக்குநர் பாங்கின் ஜோடி

நியே சூயுன் எங்கள் மாகாண இறகுப்பந்து அணிக்காகப் பதினோரு வருடம் கலப்பு இரட்டையர் ஆடினாள். அதற்குள் அவளுக்கு ஆறு ஜோடிகள். அணியின் மட்டைகளுக்கு நரம்பு பின்னுவது என் வேலை. ஆறு பேரையும் எனக்குத் தெரியும்.

ஆறு பேர் கதையும் ஒன்றுதான். ஒரு வாலிபன் வருவான். பின்னால் நின்று பலங்கொண்ட மட்டும் அடிப்பான். சூயுன் வலையருகே நின்று, எதிராளிக்கு வேறு வழியில்லாதபடி பந்தைத் தூக்கிக் கொடுக்க வைப்பாள். தூக்கிய பந்தை இவன் அடித்து இறக்குவான். பத்திரிகையில் இவன் படம் வரும். ஓரத்தில் அவள் முழங்கை தெரியும். ஒன்றரை வருடத்தில் தேசிய அணி அவனை அழைத்துக்கொள்ளும். பயிற்சியாளர் லூ அடுத்தவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்.

தன்னை ஏன் யாரும் அழைப்பதில்லை என்று ஒருமுறை அவரிடம் கேட்டாள்.

"உன் ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளியில தெரியலயே," என்றார் லூ.

"தெரியாம ஆடத்தானே பன்னெண்டு வயசுலேருந்து கத்துக்கொடுத்தீங்க?"

லூ தேநீர்க் குடுவையைத் திறந்து நீண்ட நேரம் ஊதிக்கொண்டிருந்தார்.

நான்காவது ஜோடி வெளிநாட்டில் பதக்கம் வாங்கியதை உணவுக்கூடத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெற்றோருக்கு நன்றி சொன்னான், மாகாணத் தலைவர்களுக்குச் சொன்னான், எங்கள் சமையற்காரருக்குக்கூடச் சொன்னான். அத்தோடு பேட்டி முடிந்தது. சமையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூயுன் அவரிடம் இன்னொரு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் கேட்டு வாங்கி, அதன்மேல் இரண்டு கரண்டி மிளகாய் போட்டுச் சாப்பிட்டாள்.

இருபத்தொன்பது வயதில் முழங்கால் போயிற்று. நகர விளையாட்டு அலுவலகத்தில் வேலை கொடுத்தார்கள். காகிதத்தில் அதற்குப் பெயர் மக்கள் விளையாட்டு மேம்பாடு. உண்மையில், இயக்குநர் பாங் தெலினுக்கு ஜோடியாக ஆடுவது.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அரசு அலுவலகங்களுக்கிடையே ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். ஐம்பத்தேழு வயது பாங் தொடர்ந்து மூன்று முறை வென்றிருந்தார். ஆட்டத்துக்கு முன் அவருடைய செயலாளர் எதிரணியிடம் போய், பந்தை எந்தப் பக்கம் போட்டால் இயக்குநருக்கு வசதி என்று பணிவாகச் சொல்லிவிட்டு வருவார். சூயுன் வந்த பிறகு அந்தச் சிரமம் தேவைப்படவில்லை. முன்னும் பின்னும் அவளே ஓடினாள். நான்காவது கோப்பையும் வந்தது.

விருந்தில் மீன்தலையைக் கிண்டிக்கொண்டே பாங் சொன்னார்: "பொண்ணு நல்லாத்தான் ஆடுது. ஆனா சும்மாச் சும்மா குறுக்க வருது. பின்பக்கம் என்னுது, புரியுதா? நீ முன்னாடி நின்னாப் போதும்."

மேசையே சிரித்தது. சூயுன் தலையாட்டினாள்.

அடுத்த வருடம் இறுதி ஆட்டத்தில் எதிரே மருத்துவமனை ஊழியர்களான ஓர் இளம் தம்பதி. அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. சூயுன் முன்னால் நின்றாள். தலைக்கு மேல் போன எந்தப் பந்துக்கும் மட்டையைத் தூக்கவில்லை. பாங் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினார். முதல் செட் ஆறுக்கு இருபத்தொன்று, இரண்டாவது மூன்றுக்கு இருபத்தொன்று. அந்த ஒன்பது புள்ளிகளும் வலையருகே அவள் எடுத்தவை. துணை இயக்குநர்கள் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கைதட்டினார்கள், எதிராளியின் புள்ளிகளுக்கும்.

"ஏன் எடுக்கல?" என்று பாங் மூச்சிரைக்கக் கேட்டார்.

"பின்பக்கம் உங்களுதுன்னு சொன்னீங்களே, டைரக்டர்."

குரலில் அத்தனை மரியாதை. குற்றம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. 'அடிமட்டத்தை வலுப்படுத்த' அவளை மலையோர வட்டம் ஒன்றிலுள்ள பழைய ஆட்டக்கூடத்துக்கு மாற்றினார். கோப்பையிலிருந்து கலப்பு இரட்டையர் நீக்கப்பட்டது. பாங் மேசைப்பந்து ஒற்றையருக்கு மாறினார். அதிலும் அவர்தான் சாம்பியன்.

போன வசந்தத்தில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. சரிசெய்ய அனுப்பிய மனு பாங்கின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறதாம். நான்கு ஆடுகளங்களில் மழை நாளில் ஒன்றுதான் உதவும். அதில் சூயுனுக்கு ஜோடியாக ஆட, கடை திறப்பதற்கு முன்பே சந்தைப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இடத்துக்குச் சண்டையும் போடுகிறார்கள்.