கசிந்த தாய்மாமன்

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் கசிந்துவிட்டேன். ஷார்ஜாவில் செருப்பு வாங்கிய கடையிலிருந்து. ஒரு ஜோடி செருப்புக்கு என் பிறந்த தேதி, ஊர் முகவரி, பாஸ்போர்ட் நகல், அம்மா பெயர் எல்லாம் கேட்டார்கள். கொடுத்தேன். கால் அளவை மட்டும் கேட்கவில்லை.

பிறகு கடையிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்களோடு சேர்த்து நாற்பது லட்சம் பேர் கசிந்துள்ளனர். வருந்துகிறோம். அடுத்த ஜோடிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.’

தங்கை மாரிச்செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். வேறு மடி செல்லாது. அதற்காகவே தூத்துக்குடிக்கு வந்தேன். சட்டைப்பையில் தங்கத் தோடு இருந்தது.

மண்டபத்து மேடையில் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன். மடியில் குழந்தை.

அவனுக்கு என் முகம் இல்லை. வயது ஐம்பது இருக்கும். ஆனால் விவரங்கள் எல்லாம் சரியாக இருந்தன.

“செல்வி, அது யாரு?”

“எங்க அண்ணன். நீங்க யாரு?”

“ஏட்டி, நாந்தாம்ட்டி ஒன் அண்ணன்.”

“ஏட்டி கீட்டின்னுலாம் பேசாதீங்க. வாசல்ல கவுண்ட்டர் இருக்கு. அங்க போய்ச் சொல்லுங்க.”

மேடையிலிருந்து வாசலுக்கு நடக்க நாற்பது நிமிடம் ஆனது. வரும்போது பத்தடிதான் இருந்தது.

கவுண்ட்டரில் செருப்புக் கடைக்காரர் இருந்தார். டை கட்டியிருந்தார். வெறுங்கால்.

“நீங்கதான் இசக்கிராஜான்னா ஓடிபி சொல்லுங்க சார்.”

மேடையில் இருந்தவனின் பையில் போன் அடித்தது.

“நம்பரச் சொல்லுல!” என்று கத்தினேன்.

“ஓடிபிய யாருக்கும் சொல்லக் கூடாது தம்பி” என்றான் அவன்.

மண்டபமே தலையாட்டியது. “எம்புள்ள வெவரம்” என்றாள் அம்மா.

மேசையில் ஓங்கிக் குத்தினேன். “தொலைச்சது நீங்க. நான் எதுக்குய்யா நிரூபிக்கணும்?”

“கோவத்துக்குத் தனி பாரம் சார். ரெண்டு போட்டோ ஒட்டணும்.”

“எவன் மூஞ்சிய ஒட்ட?”

“இப்ப எது செல்லுதோ அத.”

பாரத்தைக் கிழித்தேன். கிழித்ததற்கு ரசீது கொடுத்தார்.

என்னிடம் ஒன்று மிச்சம் இருந்தது. குழந்தைக்கு வீடியோ காலில் நான் வைத்த செல்லப்பெயர். நெத்திலி. என்னைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கேட்டால் எங்கிருந்தாலும் திரும்பிச் சிரிப்பாள்.

மேடைக்கு ஓடினேன். “நெத்திலி!”

குழந்தை பாதி திரும்பியது.

அவன் அவசரப்படாமல் குனிந்தான். “நெத்திலி அட் ஒன் டூ த்ரீ.”

அது என் பாஸ்வேர்ட். எல்லாவற்றுக்கும் அது ஒன்றைத்தான் வைத்திருந்தேன்.

குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை அழுதபோது அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

என்னைப் பந்தியில் உட்காரவைத்தார்கள். அம்மா பரிமாறினாள்.

“கூச்சப்படாமச் சாப்பிடுங்க தம்பி. ஒங்க அம்மா பேரு என்ன?”

“சண்முகக்கனி.”

“அட, எம் பேரும் அதாம்!” இன்னொரு அப்பளம் வைத்தாள்.

பையில் கைவிட்டுத் தோட்டை இறுக்கினேன். இன்னும் இறுக்கினேன். அது என் உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் வந்தது. திருகாணியை நானே போட்டுக்கொண்டேன்.