சகோதரி ஆளனுப்பினாள்

அக்காளுக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பேர். வைத்தவர் அடுத்த மேசைக்காரர். பதிலுக்கு அக்கா அவருக்கு வைத்த பேர் ரயில். அவர் விரல்கள் தட்டச்சுப் பலகையில் இறங்கினால் பக்கம் முடியும்வரை நிற்க மாட்டா. சின்ன ஸ்டேஷன் எதிலும் நிற்காத வண்டி என்பாள் அக்கா. உங்கள் வண்டி ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று தண்ணீர் குடிக்கும் என்பார் அவர். இருபது வருஷமாக இந்தக் கேலி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் எதிரே உட்கார்ந்திருந்த சின்னவள், அக்காளின் தங்கை, அதைக் கேட்டும் கேளாதவள் மாதிரி வேலை பார்ப்பாள்.

வேலை பழைய கிரேக்கப் பிரதிகளோடு. நற்செய்தி நூல்கள் அச்சுக்கு வருமுன் ஆயிரத்து நானூறு வருஷம் கையால்தான் எழுதப்பட்டன. ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று. அதனால் எந்த இரண்டு பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதில்லை. தூக்கக் கலக்கத்தில் ஒருவன் ஒரு வரியை விட்டிருப்பான். இது இப்படி இருக்க நியாயமில்லையே என்று இன்னொருவன் ஒரு சொல்லை மாற்றியிருப்பான். தொழுநோயாளியைக் கண்டு இயேசு மனம் உருகினார் என்று மற்றப் பிரதிகள் சொல்லும் இடத்தில், கோபம் கொண்டார் என்கிறது ஒரு பழைய பிரதி. இந்த வேறுபாடுகளையெல்லாம் திரட்டி, அடிக்குறிப்போடு ஒரு பதிப்பைக் கொண்டுவரத்தான் இரண்டாம் மாடியில் அந்த அறை, மூன்று மேசைகள், ஜன்னலோரத்தில் பதிப்பாசிரியரின் கண்ணாடித் தடுப்பு.

முறை எளிதானது. பிரதியின் படத்தைப் பார்த்து அக்கா ஒரு நகல் எடுப்பாள், ரயில் ஒரு நகல் எடுப்பார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. சின்னவள் இரண்டையும் ஒப்பிடுவாள். எங்கே வேறுபடுகிறதோ அங்கே படத்தைத் திரும்பப் பார்த்து எது சரி என்று தீர்ப்பு எழுதி, பட்டியலில் சேர்ப்பாள். ஒரே வீட்டில் இருந்தாலும் அக்காளும் தங்கையும் பக்கங்களைப் பற்றி வீட்டில் மூச்சு விடுவதில்லை. "எவனோ ஒரு சாமியார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கொட்டாவி விட்டான். அதைக் கண்டுபிடிக்க நாம மூணு பேர்" என்று அக்கா ஒரு தடவை சொன்னதுதான் வீட்டில் நடந்த அதிகபட்ச அலுவலகப் பேச்சு.

அது அக்காளின் வீடு. கல்யாணம் ஒத்துவராமல் ஒற்றைப் பெட்டியோடு சின்னவள் திரும்பி வந்த அன்று அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியில் பாதித் தட்டைக் காலி செய்து கொடுத்தாள். அடுத்த மாதமே பதிப்பாசிரியரிடம் பேசி மூன்றாவது மேசையையும் வாங்கிக் கொடுத்தாள். பதினாறு வருஷம் அப்படியே போனது.

அக்காளுக்கு ஐம்பத்தெட்டு நடந்தபோது முதல் தவறு வந்தது. ஒரே சொல்லில் முடிகிற இரண்டு வரிகளில், முதல் வரியின் கடைசிச் சொல்லிலிருந்து இரண்டாம் வரியின் கடைசிச் சொல்லுக்கு அக்காளின் கண் தாவிவிட்டது. நடுவில் ஒரு வரி காணோம். கையால் பிரதி எடுத்த பழைய எழுத்தர்கள் தினமும் செய்த பிழைதான். ஆனால் அக்கா செய்து சின்னவள் பார்த்ததில்லை. பட்டியலில் சேர்ப்பதற்குக் கை வரவில்லை. கணினியில் அக்காளின் கோப்பைத் திறந்து, விட்ட வரியைத் தானே எழுதிச் சேர்த்து மூடினாள். யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் மாதத்துக்கு ஒன்று வந்தது, பிறகு இரண்டு, மூன்று. ஒரே சொல் இரண்டு தடவை, ஒரு பக்கத்தின் நடுவில் வேறொரு பக்கம். சின்னவள் ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் திருத்தினாள். அந்தப் பட்டியல் பதிப்பாசிரியர் மேசைக்குப் போனால் அக்காளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அந்த வேலையை எடுத்துவிட்டால் அக்காளிடம் என்ன மிஞ்சும் என்று யோசிக்கவே அவளால் முடியவில்லை.

வீட்டிலும் ஆரம்பித்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோய்க் கிடக்கும். சாவி சர்க்கரை டப்பாவுக்குள் கிடைக்கும். அக்கா சிரித்துச் சமாளிப்பாள். கடைசியில் சின்னவள் வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் தேதி கேட்டார், கிழமை கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். அக்கா பாதி சரியாகச் சொன்னாள். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"யாருமில்ல டாக்டர். நான் மட்டும்தான்."

சின்னவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அக்காளின் கைப்பை அவள் மடியில் இருந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். நோய் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது, அக்கா ஜன்னல் வழியாக ஒரு கடைப் பலகையைக் காட்டி ஏதோ ஜோக்கடித்தபோது, அவளால் சிரிக்க முடியவில்லை. அக்காளுக்காகத்தானே இத்தனை பக்கம் திருட்டுத்தனம் செய்கிறோம், அந்த அக்காளின் கணக்கிலேயே நாம் இல்லையா என்றுதான் அவளுக்கு நினைக்கத் தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து லாசருவின் பக்கம் வந்தது.

மலைமேல் இருந்த ஏதோ ஒரு மடத்துப் பிரதி. படம் எடுத்து ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். பக்கத்தின் குறுக்கே ஈரம் பட்ட கறை. லாசரு வியாதியாகக் கிடக்கிறான். அவனுக்கு மரியாள், மார்த்தாள் என்று இரண்டு சகோதரிகள். அவர்கள் இயேசுவிடம் ஆளனுப்புகிறார்கள். 'சகோதரிகள் ஆளனுப்பினார்கள்' என்று ரயிலின் நகலில் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த வாசகம் அதுதான். அக்காளின் நகலில் 'சகோதரி ஆளனுப்பினாள்' என்று இருந்தது.

கிரேக்கத்தில் ஒருத்தியா இருவரா என்பது சில எழுத்துகளில் இருக்கிறது. அந்த எழுத்துகள் அத்தனையும் கறைக்குள். சின்னவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கருப்புக்குள் கருப்பாக ஏதோ தெரிந்தது. இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம். இரண்டு வரிக்கு மேலேயே இரண்டு பெண்களின் பேரும் தெளிவாக இருக்க, ஒரு சகோதரி எங்கே போனாள்? அவளுக்கு டாக்டர் அறை ஞாபகம் வந்தது. வேறெதையும் அவள் யோசிக்கவில்லை. அக்காளின் கோப்பைத் திறந்து அந்த எழுத்துகளை மாற்றினாள். பட்டியலில் ஒன்றும் எழுதவில்லை.

ஒப்பிட்டு முடிந்த பக்கங்களின் அச்சுத்தாள் நகலெடுத்தவரிடம் திரும்பிப் போகும். யாரும் அதைப் படிப்பதில்லை, கட்டிவைப்பதோடு சரி. அந்தத் தாளை மட்டும் அக்கா படித்திருக்கிறாள். மத்தியானம், ரயில் சாப்பிடப் போயிருந்த நேரம், தாளை எடுத்துக்கொண்டு சின்னவளின் மேசைக்கு வந்தாள்.

"இது நான் எழுதினது இல்லடி. நான் சகோதரின்னு எழுதியிருந்தேன். நாலு தடவை பாத்துட்டுதான் எழுதினேன்."

கறையில் ஒன்றும் தெரியவில்லை, விடு என்றாள் சின்னவள். தெரிகிறது, வா, காட்டுகிறேன் என்றாள் அக்கா. தான் படிப்பது தனக்கே விசித்திரமாக இருந்ததால்தான் நாலு தடவை பார்த்ததாகவும், எழுத்தர் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறை அப்படியே எழுதுவதுதானே நம் வேலை என்றும் பொறுமையாகச் சொன்னாள். வழக்கமான அக்காளின் குரல் அது. அந்தக் குரல்தான் சின்னவளுக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கதையில அக்கா தங்கச்சி ரெண்டு பேர் இருக்காங்கக்கா. உனக்குத்தான் ஒருத்தி இருக்கறதே மறந்துபோச்சு."

அதோடு நின்றிருந்தாலும் போயிருக்கும். அவள் நிற்கவில்லை. அடைத்து வைத்ததெல்லாம் கொட்டியது. வரி விட்டது, பக்கம் மாறியது, ஒன்றரை வருஷமாகத் தான் ஒளித்துத் திருத்தியது, எல்லாவற்றையும் பக்க எண்ணோடு சொன்னாள். நாற்பத்தோரு பக்கம்.

"நாப்பத்தொண்ணா?" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

பிறகு தாளை நான்காக மடித்து, ஏதோ மன்னிப்புக் கேட்பவளைப் போலத் தலையை ஆட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம்வரை ஒரு சொல்லும் தட்டவில்லை. மறுநாள் கண் சரியில்லை என்று ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். ரயில் அவளைக் கீழ்வாசல்வரை கொண்டுவந்து விட்டு, இனிமேல் என் வண்டியை யார் நிறுத்துவது என்று கேட்டார். அக்கா சிரித்தாள். சின்னவளிடம் அவள் கோபித்துக்கொள்ளவேயில்லை. வீட்டில் ஏதாவது படிக்க எடுத்தால் மட்டும், ஒரு வரியைப் படித்துவிட்டு, "சரியாத்தானே படிக்கிறேன்?" என்று தங்கையைப் பார்ப்பாள். ஆறு மாதத்தில் படிப்பதையே விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் அக்காளைத் தனியே விட முடியாமல் போனது. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் வந்தாள். அக்காளுக்குச் சின்னவள் யாரென்று சில நாள் தெரியும், பல நாள் தெரியாது. தெரியாத நாட்களில் மரியாதையாக, வாங்க, உட்காருங்க என்பாள்.

மடத்துப் பிரதியின் புதுப் படங்கள் வந்தது அதற்கும் அடுத்த வருஷம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒளியில் எடுத்தவை. கறைகள் எல்லாம் கழுவி விட்டதுபோல் போய், அடியில் மை எழுந்து நின்றது. லாசருவின் பக்கத்தை முதலில் பார்த்தவர் ரயில். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து பதிப்பாசிரியரைக் கூப்பிட்டார். சகோதரி ஆளனுப்பினாள். சந்தேகத்துக்கே இடமில்லை.

பதிப்பாசிரியர் முகம் சிவக்கச் சந்தோஷப்பட்டார். வேறொரு நூலகத்தில், கடல் தாண்டி இருக்கிற ஒரு பிரதியிலும் இதே பிழை இதே இடத்தில் உண்டாம். இரண்டு எழுத்தர்கள் தனித்தனியே இதே தவறைச் செய்திருப்பது அபூர்வம். ஒரே தாய்ப் பிரதியைப் பார்த்து எழுதினவர்களாகத்தான் இருக்க வேண்டும். சரியாக எழுதியதை வைத்துப் பிரதிகளின் சொந்தத்தைக் கண்டுபிடிக்க முடியாது, சேர்ந்து செய்த தவறுதான் காட்டிக் கொடுக்கும் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார்.

"பழைய படத்துல பூதக்கண்ணாடி கண்ணுக்கே இது தப்பிடுச்சே" என்றார் ரயில். அவர் கள்ளமில்லாமல்தான் சொன்னார். தான் அன்று படிக்காமலே பழக்கத்தில் எழுதியிருப்பேன் என்று தன்னையும் நொந்துகொண்டார்.

சின்னவள் கண்ணாடித் தடுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. அவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் கொடுத்திருப்பேன். கூட இன்னொருத்தரையும் படிக்க வச்சிருப்பேன். அவங்க கண்ணை நான் விட்டிருக்கவே மாட்டேன்."

அவள் பக்க எண்களை எழுதிக் கொடுத்தாள். நாற்பத்தோரு பக்கங்களையும் ரயில் புதிதாகப் பார்த்தார். நாற்பதில் அக்கா தவறித்தான் இருந்தாள். இந்த ஒன்றில் மட்டும் இல்லை. ஒப்பிடும் மேசையிலிருந்து சின்னவளை எடுத்து, அச்சுப்பிழை பார்க்க வைத்தார்கள். அவள் மறுப்புச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்ன அன்றைக்கே, புதுப் படத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்குப் போனாள். அக்கா சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் படத்தை அவள் மடியில் வைத்தாள். அக்கா கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள். பிறகு விரல் தானாக எழுத்துகளின் மேல் போனது. ஒவ்வொன்றாக, உதடு அசைய, கறையிருந்த இடத்தைக்கூடத் தயங்காமல் படித்தாள். சகோதரி ஆளனுப்பினாள்.

சின்னவள் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "நீ படிச்சதுதான்க்கா சரி. அன்னிக்கும் நீதான் சரி. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

அக்கா விரலை எடுத்துக்கொண்டாள். தப்பு செய்து பிடிபட்டவளைப்போல முகம் சுருங்கியது.

"இல்லைங்க. இங்க சகோதரிகள்னு வரணும். நான்தான் தப்பா படிக்கிறேன். என் தங்கச்சி திருத்தியிருக்கா."

"உன் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"அப்படிச் சொல்லாதீங்க." அக்காளுக்கு உண்மையாகவே வருத்தம். "நாப்பத்தோரு பக்கம், ஒருத்தருக்கும் தெரியாம திருத்தினா. எனக்காக. அவ திருத்தினா சரியாத்தான் இருக்கும்."

சின்னவள் மறுநாளும் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். தன்னைத் தெரிந்த நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அப்படி ஒரு காலையில், வாடி என்று அக்கா கூப்பிட்டபோது, படத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதைப் பார்த்ததும் அக்கா அவள் பக்கமே தள்ளிவிட்டாள். அதை எடுத்துட்டுப் போயிடு, எனக்கு அதெல்லாம் இப்போ வராது என்று கெஞ்சினாள். அதன்பிறகு சின்னவள் அந்தப் படத்தை வெளியே எடுக்கவில்லை.

மழைக்காலம் முடியுமுன் அக்கா போய்ச் சேர்ந்தாள். பதிப்பு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. அடிக்குறிப்பின் அச்சுத்தாள் சின்னவளிடம்தான் பிழை பார்க்க வந்தது. பிரதியின் எண், அதற்கு எதிரே 'சகோதரி ஆளனுப்பினாள்' என்பதன் கிரேக்க எழுத்துகள், அவ்வளவுதான் அதில் இருந்தது. யார் படித்தார்கள் என்று அடிக்குறிப்பில் போடும் வழக்கமில்லை. அவள் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. ஓரத்தில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சரி என்ற அந்தச் சொல்லை அக்காளிடம் எத்தனையோ தடவை சொல்லியும் அவள் நம்பவில்லை என்ற வருத்தம்தான் சின்னவளுக்குத் தீரவே இல்லை.