பொன்னம்மா குனிந்த இடம்

கேசட்டை வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு வாருங்கள் என்றார் ஜகதீசன். மாட்டேன் என்றேன்.

"ஏன் பெரியவரே, நான் என்ன தின்னுடுவேனா?"

"நீங்க தின்னமாட்டீங்க. உங்க மிசின் திங்கும். எம் மக வூட்டு மிசின் கொஞ்சம் தின்னதுக்கப்புறந்தான் இங்க வந்திருக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். 1998, ஆயுதபூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். அக்ரஹாரத்தில் கோயிலை ஒட்டிய சின்னக் கடை. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மனிதர், அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய கேசட்டைச் சிடியில் போட்டுத் தரப்படும் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார். எழுத்து கோணல். இதே மைசூரில் முப்பத்தைந்து வருஷம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். கோணல் எழுத்தைப் பார்த்தால் அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வராது.

கேசட் என் மகள் தாரணியின் கல்யாணம். தொண்ணூறாம் வருஷம் எடுத்தது. மூன்று மணி நேரம் ஓடும் அதில் என் சம்சாரம் பொன்னம்மா வருவது ஒரே இடத்தில். கேமராக்காரன் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலே தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். தாம்பூலப் பை ஒன்று கிழிந்து தேங்காய் உருண்டபோதுதான் மாட்டிக்கொண்டாள். குனிந்து தேங்காயை எடுப்பாள், நிமிர்வாள், லைட்டைப் பார்த்ததும் சிரித்து முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். எட்டு வினாடி இருக்கும். அன்றைக்கு அதை நான் பார்க்கவில்லை. பின்கட்டில் சமையல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்று மூன்றில் போய்விட்டாள். கலரில் அவள் படம் வேறு கிடையாது. ரேஷன் கார்டில் ஒன்று இருக்கிறது, கறுப்பு வெள்ளை. அதில் யார் மேலோ கோபமாக இருக்கிறாள். என் மேல்தான்.

ஜகதீசன் கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "பூஞ்சை பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு தடவை ஓடும், மூணு தடவை ஓடினா அதிர்ஷ்டம். அப்புறம் அறுந்துடும்."

"அப்ப கல்யாணம் கெடக்கட்டும். அவ வர்ற எடத்த மொதல்ல எடுங்க."

கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே ஓட்டினார். தேங்காய் உருண்டது. பொன்னம்மா வந்தாள். மூன்று நாள் கழித்து எடுத்த பிணம் மாதிரி இருந்தது அவள் முகம். ஊதாவும் பச்சையும் கலந்த ஒரு நிறம்.

"இது யாருங்க?" என்றேன்.

"பழைய கேசட்டுன்னா கலர் போயிருக்கும், பெரியவரே. ஸ்வல்ப இருங்க, சரி பண்றேன்."

ஒயரை மாற்றினார். மெஷினைத் திறந்து பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். கலர் கெட்டது எதற்கு என்று முதலில் ஏற்றியதை அழித்தார். சிவப்பைக் கூட்டி வைத்து இரண்டாம் தடவை ஓட்டினார். கேசட் உள்ளே கீச்சென்றது.

முகம் அப்போதும் ஊதாதான். ஆனால் எல்லோருடைய கால்களும் செம்மண்ணில் மிதித்தது போல் ஆகிவிட்டன.

"இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏத்திப் பாத்துடலாம்" என்று பட்டன் பக்கம் போனார்.

மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டேன். "தொடாதீங்க. பொட்டிக்குள்ள ஏறினதையே இன்னொருக்கா காட்டுங்க. அதுக்குக் கேசட்டு ஓட வேண்டியதில்லயே?"

"ஓட வேண்டியதில்லை."

காட்டினார். இன்னொரு தடவை கேட்டேன். காட்டினார்.

பொன்னம்மா மஞ்சள் பூசிக் குளிப்பவள். வெயிலில் வேலை செய்தவள். கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்த நிறத்தை எந்த டப்பாவிலும் நான் கலந்ததில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் என் முழங்கையைத் தேய்ப்பாள். "இன்னைக்கு எந்த வூட்டுச் செவுத்தத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று தினமும் அதையே கேட்பாள். நானும் வீட்டுக்காரன் பெயரைச் சொல்வேன். குனிந்திருக்கும் அவள் நெற்றியில் விளக்கு வெளிச்சம் விழும். இத்தனை வருஷம் கழித்து எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அந்த நெற்றிதான்.

நான்காம் தடவை பார்க்கும்போது பிடிபட்டது.

"நிறுத்துங்க. அவ குனிஞ்சா முகம் செவக்குது. நிமிந்தா ஊதா ஆவுது. பாருங்க."

"வெட்கமா இருக்கும், எஜமான்ரே."

"வெட்கப்பட்டா நிமிந்தப்புறமில்ல செவக்கோணும்? தலைக்கு ஒரு கலரு காலுக்கு ஒரு கலருன்னு ஆளுக இருக்கறாங்களா? இது அவ மேல இருக்கற கறை இல்லீங்க. செவுத்துல இருக்கற கறை."

சுவரில் ஓதம் ஏறியிருந்தால் முன்னால் நிற்கிற ஆள் நகர்ந்தாலும் ஓதம் நகராது. படத்தை அப்படியே திரையில் கீழே இறக்க முடியுமா என்று கேட்டேன். அவர் படத்தைச் சின்னதாக்கிக் கீழே இழுத்தார். நிமிர்ந்து நின்ற பொன்னம்மாவின் முகத்திலிருந்து ஊதா போய்விட்டது. அது மேலேயே, வெறும் திரையில் வெற்றிலை எச்சில் மாதிரி நின்றது.

ஜகதீசன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைக்கு மேலே பார்த்தேன். கம்ப்யூட்டர் தலையில் கட்டைவிரல் உயரப் பிள்ளையார், பூஜைக்குப் போட்ட காய்ந்த செவ்வந்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"அது எப்ப வந்தது?"

"ஆயுதபூஜைக்கு வெச்சேன். கார்ல இருந்தவரு. காரை வித்துட்டேன், சாமியை விக்க முடியுமா?" சொல்லிவிட்டு நிறுத்தினார். "அடியில காந்தம் இருக்கு."

"எடுங்க."

"சாமியையா சந்தேகப்படறீங்க?"

"எனக்கு எல்லார் மேலயும் சந்தேகந்தான்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கத் தூக்க, திரையில் இருந்த கறை புகை மாதிரி நெளிந்தது. பிள்ளையாரை இரும்பு பீரோ பக்கம் கொண்டுபோனார். டக்கென்று சாமியே போய் ஒட்டிக்கொண்டார். பொன்னம்மா இருந்திருந்தால் சாமியை இறக்கினதற்கு என்னைத்தான் திட்டியிருப்பாள்.

திரையை அணைத்து மறுபடி போட்டார். ணொய்ங் என்று ஒரு சத்தம், வெளிச்சம் ஒரு நடுங்கு நடுங்கியது. மிச்சம் இருந்த கறையும் போயிற்று. படத்தைப் போட்டார். எல்லோரும் செங்கல் தூளில் புரண்டு எழுந்தவர்கள் போல் இருந்தார்கள். அவர் ஏற்றிய சிவப்பு.

"மொதல்ல ஏத்தினதுல ஒரு தப்பும் இல்ல" என்றார் தரையைப் பார்த்து. "அதை அழிச்சுட்டேன்."

அப்போது நான் சொன்னதை எழுத முடியாது. அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "சிவப்பைக் குறைச்சுப் பார்க்கலாம், ஆனா படம் கலங்கலாயிடும்" என்றார். எனக்கும் தெரியும். வெள்ளையில் ஊற்றின சிவப்பைத் திரும்ப எடுக்க முடியாது. வேறு டப்பாதான் உடைக்க வேண்டும்.

"நீங்கதான் சொல்லணும்" என்றார்.

ஓட்டினால் அறுந்துபோகலாம். ஓட்டாமல் வைத்திருந்தால் பூஞ்சை தின்று தீர்க்கும். "ஓட்டுங்க" என்றேன். "கலர ஒண்ணும் தொடாதீங்க. இருக்கறபடி வுடுங்க."

கீச்சென்று சுற்றியது. பை கிழிந்தது. தேங்காய் உருண்டது. அரக்குச் சேலை, இது எனக்கு எதுக்குங்க இவ்வளவு பகட்டா என்று கடையில் அவள் தள்ளித் தள்ளி வைத்த அதே சேலை. குனிந்தாள். நெற்றி தெரிந்தது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தாள். முகம் மாறவில்லை. குனிந்தபோது என்ன நிறமோ நிமிர்ந்தபோதும் அதே நிறம். சிரித்தாள். முந்தானை வாய்க்குப் போயிற்று.

உடனே திரையில் கோடு கோடாக விழுந்தது. மெஷின் முனகி நின்றது. ஜகதீசன் கேசட்டை வெளியே இழுக்க, நாடா கத்தையாகக் கூடவே வந்தது.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு. முழுசா இருக்கு."

போட்டுக் காட்டச் சொன்னேன். ஆறு தடவை காட்டினார், முகம் சுளிக்கவில்லை. பிறகு சிடியில் போட்டு, ஒரு உறையில் வைத்து நீட்டினார்.

"இன்னொண்ணும் போடுங்க" என்றேன். "ஒண்ண நம்ப முடியாது. அப்புறம், மக வூட்டுல போட்டுப் பாத்துட்டு நான் வந்து சொல்ற வரைக்கும் பொட்டியில இருக்கறத அழிக்கப் படாது."

"அழிக்கமாட்டேன், பெரியவரே."

"அவரையும் பீரோவுலயே வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, நாடா தொங்கும் கேசட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகும் விஜயநகர் பஸ்ஸுக்கு நடந்தேன்.